மஞ்சள் மூடிக் குப்பி

காலை எட்டரை மணிக்கு அந்தக் குப்பிக்கு வேலை வந்தது. அதுவரை பீடோங் பக்கத்துக் கிளினிக் ஒன்றில், தட்டு நிறையக் கிடந்த குப்பிகளில் அதுவும் ஒன்று. விரல் நீளம், மஞ்சள் மூடி, அடியில் கோந்து மாதிரி கொஞ்சம் ஜெல். பார்த்தால் காலிக் குப்பி. உண்மையில் காற்றும் இல்லாத குப்பி. ஆலையிலேயே உள்காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மூடுகிறார்கள். ஊசி மூடியைத் துளைத்ததும் அந்த வெற்றிடம் ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மிஸ்ஸி ஒன்றையும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

மூடிக்குள் ரப்பர் இருக்கிறது. ரப்பர் என்றதும் கெடா தோட்டத்துக்காரன் காது நிமிரும். ஆனால் இது பால்மரத்து ரப்பர் அல்ல, ரசாயன ஆலையில் பிறந்த பியூட்டைல். மிஸ்ஸியின் கையுறையும் இன்றைக்குப் பெரும்பாலும் நைட்ரைல்தான். பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கிற இடத்தில் பால்மரத்துப் பால் ஒரு சொட்டும் இல்லை.

கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு 36 வயது என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவள் ஒருத்தி அல்ல. இந்த நோயில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சேர்த்து நானே உருவாக்கிய பெண். அவளைச் சுற்றியிருக்கும் ஊர்களும் மருந்துகளும் எந்திரங்களும் எண்களின் கணக்கும் நிஜம். லயத்து வீட்டில் பிறந்தவள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டுபட்டு, குடும்பம் சுங்கை பட்டாணியில் ஒரு தாமானுக்கு வாடகைக்கு வந்தது. அவளுக்கு வேலை கூலிம் ஹைடெக் பார்க்கில், ஷிப்டு முறையில். விடியுமுன் கிலாங் பஸ், இல்லாத நாளில் கப்சாய் மோட்டார்.

ஏழு மாதமாக மாதவிடாய் இல்லை. "உண்டாகியிருக்கியாடி?" என்று கேட்டார் அம்மா. மருந்துக்கடைச் சோதனைக் குச்சி இல்லை என்றது. அப்புறம் உடல் சூடு என்றார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். தலைவலி விடவில்லை. குமட்டல் இருந்ததால் ஒரு தனியார் கிளினிக்கில் வாந்தி மாத்திரை கொடுத்தார்கள், அதை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்று போன கடையில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினார்கள். வீட்டு வாசல் கேட்டில் மோட்டாரின் கைப்பிடி இரண்டு தடவை உரசியது. மார்பில் பால் கசிந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பையனுக்குப் பத்து வயது ஆகிறது.

இந்த ஐந்தும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பிட்யூட்டரி சுரப்பி என்ற அது மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், சேணம் போல் வளைந்த எலும்புக் குழிக்குள் இருக்கிறது. பட்டாணி அளவு, அரை கிராம் எடை. சுங்கை பட்டாணிக்காரர்களுக்கு நினைவில் வைப்பது சுலபம். மலாயில் அந்தப் ‘பெத்தானி’ விவசாயி என்பது வேறு விஷயம். மாதவிடாய் ஒரு டாக்டரிடம் போனது, தலைவலி இன்னொருவரிடம், கண் கடைக்காரரிடம், குமட்டல் மாத்திரைக்கு, கசிவு வாய்க்குள்ளேயே. ஐந்து துண்டும் ஒரு மேசையில் ஒன்றாக விழவே இல்லை.

தோட்டத்தில் அப்படி ஒரு மேசை இருந்தது. டிரஸ்ஸர் மேசை. அவருக்குப் பட்டம் கிடையாது, பதிவு உண்டு. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அவருடைய மருந்தைப் பற்றி நான் பெருமை பேச வரவில்லை. எல்லா நோய்க்கும் அதே பாட்டில் மிக்சர் கிடைத்த கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆனால் அவர் பிரட்டுக் களத்தில் தினம் காலை அதே முகங்களைப் பார்த்தவர். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் நடை மாறிவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிட்யூட்டரிக் கட்டி மெல்ல வளர்கிற சாதி. அதைக் கண்டுபிடிக்க ஒருவரை வருடக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும், அல்லது பல வருடம் பார்க்காமல் இருந்து திடீரென்று பார்க்க வேண்டும். இன்றைய அரசாங்கக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் புது டாக்டர். ஒரு வெள்ளிக்கு இவ்வளவு கிடைப்பது உலகத்தில் அபூர்வம், அதை மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரிந்தவர் அந்த ஒரு வெள்ளியில் வருவதில்லை.

அன்றைக்கு உட்கார்ந்திருந்த இளம் டாக்டர், ஏழு மாதம் என்றதும் சரியான சோதனையைக் கேட்டார்: புரோலாக்டின் பார்ப்போம். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் அது. அளவு மீறினால் மாதவிடாயை நிறுத்திவிடும்.

குப்பி நிறைந்தது. மிஸ்ஸி அதை ஐந்தாறு தடவை கவிழ்த்து நிமிர்த்தி, அவளுடைய ஐ.சி. எண் அச்சான சீட்டை ஒட்டினார். கூடவே ஒரு தாள். தாளில் மூன்று பெட்டிகள்: சோதனை என்ன, நோய் விவரம் என்ன, சாப்பிடும் மருந்து என்ன. முதல் பெட்டியில் மூன்று எழுத்து. இரண்டாவதில் மாதவிடாய் இல்லை என்று ஒரு சொல். மூன்றாவது காலி. வாசலில் எழுபது நம்பர் காத்திருக்கிறது, என்ன செய்வது?

அந்தத் தாளோடுதான் குப்பி கிளம்பியது. தலைவலி, கண்ணாடி, கேட்டில் உரசிய மோட்டார், வாந்தி மாத்திரை, பால் எல்லாம் பீடோங்கிலேயே தங்கிவிட்டன. ரத்தம் மட்டும் வண்டி ஏறியது.

குளிர்ப்பெட்டியில் வைத்து வேன் தெற்கே சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோனது. நல்ல வேளை, புரோலாக்டின் வெயிலுக்குச் சட்டென்று வாடுகிற பொருள் அல்ல. அதே தட்டில் கிடக்கும் ஊதா மூடிக் குப்பிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஏ.சி.டி.ஹெச். என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனைப் பார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள். எடுத்ததும் ஐஸில் புதைக்க வேண்டும், சீக்கிரம் சுழற்றிப் பிரிக்க வேண்டும். கெடா வெயிலில் ஒரு மணி நேரம் மேசைமேல் மறந்துவிட்டால் ஹார்மோன் சிதைந்து, எண் குறைந்து, பிட்யூட்டரியில் இருக்கும் கோளாறு அட்ரினல் சுரப்பியின் கோளாறு மாதிரி தெரியும். மூளையடியில் தேட வேண்டியதைச் சிறுநீரகத்துக்கு மேலே தேடுவார்கள். பீடோங்கிலும் பாலிங்கிலும் கோலா கெட்டிலிலும் எடுக்கிற ரத்தத்துக்குத் தூரமும் ஒரு நோய்தான்.

லேப்பில் குப்பியைச் சுழற்றினார்கள். சிவப்பணுக்கள் அடிக்குப் போய், ஜெல் நடுவில் ஏறிச் சுவர் கட்டி, மேலே வெளுத்த மஞ்சளாய்ச் சீரம் நின்றது. எந்திரத்தின் ஊசி அதில் ஒரு துளியைக் குடித்தது. இருபது நிமிடத்தில் எண் வந்தது: லிட்டருக்கு 1,640 மில்லி யூனிட். சாதாரணமாகப் பெண்களுக்கு ஏறக்குறைய 500-க்குள் நிற்க வேண்டியது.

இந்த 1,640 என்ன சொல்கிறது? இங்கேதான் கொஞ்சம் நின்று போக வேண்டும். இந்த ஒரே எண்ணுக்கு ஐந்தாறு அர்த்தம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கர்ப்பமாக இருந்தால் ஏறும். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கொஞ்சம் ஏறும். தைராய்டு வேலை செய்யாவிட்டால் ஏறும். அதில் பிட்யூட்டரியே வீங்கிப் படத்தில் கட்டி மாதிரி நிற்கும், தைராக்சின் மாத்திரையில் வீக்கம் வடிந்துவிடும். இதைக் கட்டி என்று நம்பி அறுவை செய்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சிறுநீரகம் கெட்டாலும் ஏறும். மனநோய் மருந்துகள் சில, பழைய ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, வாந்தி நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு, டொம்பெரிடோன் எல்லாம் ஏற்றும். மூளை புரோலாக்டினை எப்போதும் டோபமின் என்ற கடிவாளத்தால் இழுத்துப் பிடித்திருக்கிறது. வாந்தி மாத்திரை அந்தக் கடிவாளத்தை அறுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிலருடைய ரத்தத்தில் புரோலாக்டின் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிப் பெரிய உருண்டையாகத் திரியும். உடம்பில் அதனால் ஒரு காரியமும் நடக்காது, எந்திரம் மட்டும் அதையும் எண்ணி அதிகம் என்று எழுதிவிடும். ரசாயனம் ஊற்றி அந்த உருண்டையைப் படிய வைத்துவிட்டு மறுபடி எண்ணினால்தான் உண்மை தெரியும். தொந்தரவே இல்லாத பெண்கள் பலர் இந்த வெற்று எண்ணுக்காக வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள்.

அளவுகோல் தொல்லை வேறு. அரசாங்க லேப் 1,640 என்று எழுதுவதைப் பினாங்குத் தனியார் லேப் மில்லிலிட்டருக்கு 77 நானோகிராம் என்று எழுதும். இரண்டும் ஒன்றே, ஏறக்குறைய 21 மடங்கு வித்தியாசம் அலகில் மட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நோய் வடிந்துவிட்டது என்று கோயிலுக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கியவர்களும் இருப்பார்கள்.

முடிவு பீடோங்குக்குத் திரும்பியது. டாக்டர் இந்தத் தடவை மருந்தைக் கேட்டார், வாந்தி மாத்திரை வெளியே வந்தது. சரி, மாத்திரையால்தான், நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்போம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகம் சொல்வதும் அதுதான், பெரும்பாலான நேரம் சரியாகவும் இருக்கும்.

மூன்றாம் நாள் அவள் மோட்டாரோடு விழுந்தாள். சந்திப்பில் இடப்பக்கமிருந்து வந்த கார் தெரியவே இல்லை என்றாள். அடி பலமில்லை, ஆனால் தலையில் பட்டதால் பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்கு சி.டி. எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. நடுவில், அந்தச் சேணக் குழியை உடைத்துக்கொண்டு மேலே எழுந்து, மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி.

கண் பிரிவிலிருந்து வந்த பெண் டாக்டர் பெரிய கருவி எதையும் எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, "என் மூக்கைப் பாருங்கள், விரல் ஆடினால் சொல்லுங்கள்" என்றார். நடுவில் ஆடிய விரல் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் ஆடிய விரல் தெரியவில்லை. இரு கண்ணின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது. கட்டி அடியிலிருந்து முட்டினால் இரண்டு வெளிப்பக்கப் பார்வையும் போகும். நேரே பார்க்கிற பார்வை கடைசிவரை நிற்கும். அதனால் கண்ணாடிக் கடையின் எழுத்து அட்டையில் அவள் கடைசி வரிவரை படித்துவிடுவாள். விரலை ஆட்டிப் பார்க்க ஒரு காசு செலவில்லை. அதை அதுவரை யாரும் ஆட்டவில்லை.

இந்தச் சுரப்பிக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் கபச்சுரப்பி. பெயரே ஒரு தப்பான நோயறிதல். மூளையின் கழிவுச் சளி இதன் வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்றார் இரண்டாம் நூற்றாண்டின் காலன். லத்தீனில் சளிக்குப் பிட்யூயிட்டா. 1543-இல் பெரிய உடற்கூறு நூல் எழுதிய வெசாலியஸும் அதையே நம்பினார். 17-ஆம் நூற்றாண்டில் ஷ்னைடரும் லோவரும் அப்படி ஒரு வழியே இல்லை என்று காட்டிய பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாமும் அதை மொழிபெயர்த்துக்கொண்டோம். விதி என்னவென்றால், இன்று கட்டியை வெளியே எடுப்பது மூக்கு வழியாகத்தான். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஷ்லோஃபர் 1907-இல் தொடங்கி வைத்த பாதை அது. மலேசியாவில் மூளை, நரம்பு அறுவைக்குத் தனிப் பிரிவு கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1963-இல் வந்தது. அதை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ந. ஆறுமுகசாமியின் பெயர் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டியது. கடாரம் என்றால் ராஜேந்திர சோழனிடம் தொடங்கிவிடுகிற நாம் இப்படிப்பட்டவர்களையும் ஒரு வரி எழுதலாம்.

ஆக, அவளுக்கு இப்போது மூக்கு வழி அறுவைதானா? எல்லாம் அதையே காட்டின. கட்டி பெரியது, எண்ணோ சிறியது. புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி இந்த அளவு வளர்ந்தால் எண் 5,000-ஐத் தாண்டிப் பல ஆயிரங்களில் நிற்க வேண்டும். 2,000-க்குக் கீழே என்றால் வேறு கணக்கு: கட்டி எதையும் சுரக்காத வகை, மூளையிலிருந்து இறங்கும் காம்பை நசுக்கிக் கடிவாளத்தைத் தளர்த்தியதால் புரோலாக்டின் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அந்த வகைக்கு மாத்திரை கிடையாது. பார்வை போகிறதென்றால் அறுவைதான். புரோலாக்டின் கட்டிக்கோ மாத்திரையே முதல் வைத்தியம், எவ்வளவு பெரிதானாலும். கத்தியா மாத்திரையா என்பதை அந்த 1,640 தீர்மானிக்கப் போகிறது.

அவளைப் பார்க்க வந்த ஹார்மோன் நிபுணருக்கு அந்த எண் பிடிக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி லேப்பை நோக்கி அல்ல, அவளை நோக்கி: "மார்பில் பால் வருதாம்மா?" அவள் சுவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் லேப்புக்குப் போன் செய்தார். சில நாளைக்கு முந்தைய அந்தக் குப்பி இருக்கிறதா?

இருந்தது. சோதனை முடிந்த குப்பிகளைச் சில நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பது லேப் வழக்கம். மஞ்சள் மூடிக் குப்பி இரண்டாம் தடவை தட்டுக்கு வந்தது. நிபுணர் கேட்டது எளிய காரியம்: ஒரு பங்கு சீரத்தை நூறு பங்காக்கி மறுபடி எண்ணுங்கள்.

ஏன் நீர்க்க வேண்டும்? எந்திரம் புரோலாக்டினை எப்படி எண்ணுகிறது என்று பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு பக்கம் ஒரு பிடி, மறுபக்கம் இன்னொரு பிடியாக இரண்டு எதிர்ப்புப் புரதங்கள் சேர்ந்து தூக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்த மூட்டைக்குத்தான் கிராணி கணக்குப் போடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை பத்து, ஆள் நூறு என்றால் கணக்கு சரியாக வரும். மூட்டை பத்தாயிரம் குவிந்துவிட்டால்? ஆளுக்கொரு மூட்டையை அள்ளிக்கொண்டு நிற்பான், சேர்ந்து தூக்க யாருக்கும் இணை கிடைக்காது. கிராணி எட்டிப் பார்ப்பார். ஜோடியாக வந்தது கொஞ்சம்தான். கொஞ்சம் என்று எழுதிக்கொள்வார். மலைபோல் மூட்டை குவிந்த நாளில்தான் பேரேட்டில் குறைந்த வரவு.

இதற்கு ஹூக் விளைவு என்று பெயர். வரைபடத்தில் கோடு ஏறிப் போய்க் கொக்கி போல் கீழே வளைவதால் வந்த பெயர். புதிய எந்திரங்கள் பலவற்றில் இந்த வளைவு வெகு உயரத்தில்தான் வருகிறது. ஆனாலும் பெரிய கட்டிக்குச் சின்ன எண் வந்தால் நீர்த்துப் பாருங்கள் என்று அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கம் 2011 வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. யாராவது கேட்டால்தான் லேப் செய்யும். கேட்க வேண்டுமென்றால் கட்டி பெரிது என்பது லேப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும், எண் பொருந்தவில்லை என்பது டாக்டருக்கு உறுத்த வேண்டும். குப்பியோடு போன தாளில் நோய் விவரப் பெட்டியில் ஒரே ஒரு சொல்.

நூறு பங்காக்கி எண்ணியபோது வந்த கணக்கு லிட்டருக்கு 1,82,000 மில்லி யூனிட்.

அதே ரத்தம், அதே குப்பி, அதே எந்திரம். அறுவை அறைக்கு எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டார்கள். கேபர்கோலின் என்ற மாத்திரை, வாரத்துக்கு இரண்டு தடவை. அறுந்த கடிவாளத்தை மறுபடி கட்டுகிற மருந்து. பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கும், பார்வை சில நாளிலேயே தெளியத் தொடங்குவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் ஒழுங்காக அளந்துவைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அறுபது வருடத்துக்கு முன் இதே பெண் இதே நோயோடு ஹார்வர்ட் தோட்டத்திலோ டப்ளின் தோட்டத்திலோ இருந்திருந்தால்? டிரஸ்ஸரை விடுங்கள், லண்டனில் இருந்திருந்தாலும் அவளுக்குச் சோதனை கிடையாது. மனிதருக்குப் புரோலாக்டின் என்று தனியாக ஒன்று உண்டா என்பதிலேயே 1970 வரை சந்தேகம் இருந்தது. வளர்ச்சி ஹார்மோனே பால் வேலையையும் பார்க்கிறது என்று நினைத்தார்கள். கனடாவில் ஹென்றி ஃபிரீசன் குழுவினர் அதைப் பிரித்துக் காட்டி, அளக்கும் முறையும் செய்த பிறகுதான், எதையும் சுரக்காதவை என்று முத்திரை குத்திவைத்த கட்டிகளில் ஒரு பெரும் பங்கு புரோலாக்டினைக் கொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த வகை அளவீட்டுக்கே வழி திறந்தவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். யாலோவுக்கு 1977-இல் நோபல் கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே இறந்துவிட்டார், அதனால் பங்கு இல்லை.

குப்பி எல்லா நோயாளிக்கும் இப்படி இரண்டாம் வாய்ப்பு கொடுப்பதில்லை. ஊதா மூடிக்காரனை மறுபடி எடுத்துக்கொள்வோம். முகம் உருண்டு, வயிறு பருத்து, தோலில் ஊதா வரி விழுந்து வருபவருக்கு, அந்த ஏ.சி.டி.ஹெச். ஏவிச் சுரக்கும் கார்ட்டிசால் அதிகமா என்று பார்க்க வேண்டும். நடு இரவில் கார்ட்டிசால் அடிமட்டத்துக்கு இறங்குகிறதா என்பது ஒரு சோதனை. கூலிம் ஆலையில் நைட் ஷிப்டு பார்ப்பவருக்கு நடு இரவு எது? உடம்பின் கடிகாரமே தலைகீழ். இரவு பதினொன்றுக்கு ஒரு மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் விழுங்கிக் காலை எட்டுக்கு ரத்தம் கொடுப்பது இன்னொரு சோதனை. அவர் விழுங்கினாரா, தூங்கிவிட்டாரா?

அதற்கும் முன்னால் ஜாமு பற்றிக் கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு என்று பாசார் மாலாமிலும் தெரிந்தவர் கையிலும் வாங்குகிற உருண்டைகள், பொடிகள் சிலவற்றில் அதே டெக்சாமெத்தசோனைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரித்திருக்கிறது. முட்டிவலி பறந்துபோகும், முகம் நிலா போல உருளும். கட்டி இல்லாமலே கட்டியின் அடையாளம் அத்தனையும் வந்துவிடும். ஜாமுவைத் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழுவார்கள். பச்சிலை மருந்தென்று நம்பியதை மருந்து என்று எந்தப் பெட்டியில் எழுதுவார்கள்?

உண்மையிலேயே பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும், இந்த வகையில் அது கடுகளவு. பத்தில் மூன்று நான்கு பேருக்குப் படத்தில் தெரிவதே இல்லை. தொடைச் சிரை வழியே நுண்குழாயை மூளையடிவரை செலுத்தி, இரு பக்கத்து ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அதைச் செய்யும் கைகள் நாட்டில் சில இடங்களில்தான் உண்டு. ஹார்மோன் வைத்தியத்தில் அரசாங்கத் தலைமை மையம் புத்ராஜெயா மருத்துவமனை. சுங்கை பட்டாணியிலிருந்து அது முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். இதற்கு நேர் எதிர்த் தொல்லையும் இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் பிட்யூட்டரியைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சின்னக் கட்டி கிடக்கிறது. பணம் இருப்பவர் பினாங்குக்குப் போய் முதலில் படம் எடுத்து, பிறகு ரத்தம் பார்க்கிறார். படத்தில் ஒரு புள்ளி. தலைவலிக்குப் பழி அந்தப் புள்ளிமேல்.

என் பெரியப்பாவின் மோதிரம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கல்யாணத்துக்குப் போட்டது. முதலில் ஆசாரியிடம் பெரிதாக்கினார், பிறகு இன்னொரு தடவை, கடைசியில் சோப்பு நுரையிலும் கழலாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். பஜாக் கடையில் அந்த வெட்டிய மோதிரத்துக்கு எடை போட்டுக் கொடுத்தார்கள். சிலிப்பர் எட்டிலிருந்து பதினொன்று. குறட்டையில் சுவர் அதிரும். இனிப்பு நீர் வந்தது, நம் இனத்துக்கே வருவதுதான் என்றார்கள். விரல் மரத்துப்போனது, பால் வெட்டிய கை அப்படித்தான் என்றார்கள். நல்ல சாப்பாட்டுக்காரர் என்று பெயர். அவருக்கு என்ன இருந்தது என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது, யாரும் ரத்தம் எடுக்கவில்லை. ஆனால் வளர்ச்சி ஹார்மோன் மிகும் அக்ரோமெகலிக்குப் பியர் மரி 1886-இல் எழுதிய அடையாளங்களில் கை கால் பெருப்பதுதான் முதலில் வருகிறது. அதை அளக்கிற முதல் கருவி ஆசாரியின் மோதிரக் குச்சி. ஆசாரிக்கு அது தெரியாது, டாக்டருக்கு ஆசாரியைத் தெரியாது.

அந்த நோய்க்கும் குப்பி இருக்கிறது: ஐ.ஜி.எஃப்-1. இனிப்பு நீர் கட்டுக்கடங்காமல் இருந்தால் அந்த எண் தணிந்து, நோயை மறைத்துவிடும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து வளர்ச்சி ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் அவர்களிடம் குழம்பும். மலேசியாவில் இனிப்பு நீர் அதிகமாக இருப்பது இந்தியர்களிடம். எனவே இந்த முகமூடி நமக்கே அளவெடுத்துத் தைத்தது. அதைக் கழற்ற நல்ல வைத்தியர்கள் ஒரு மலிவான உபாயம் வைத்திருக்கிறார்கள்: பழைய ஐ.சி. கொடுங்கள், படத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அந்தச் சின்னப் படத்தில் மூக்கும் தாடையும் எப்படி இருந்தன, இப்போது எதிரே எப்படி இருக்கின்றன. டிரஸ்ஸர் கண்ணால் செய்ததை இப்போது பிளாஸ்டிக் அட்டை செய்கிறது.

மஞ்சள் மூடிக் குப்பி குளிர்ப்பெட்டியில் அதற்கான நாள் முடிந்ததும், மற்ற குப்பிகளோடு மஞ்சள் பைக்குள் போனது. வட மாநில ஆஸ்பத்திரிகளின் கழிவு எரியும் உலை பேராக்கில், தைப்பிங்கை ஒட்டிய காமுந்திங்கில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் தெற்கே, அவள் ஒருபோதும் போக நேராத ஊர். கண்ணாடியா பிளாஸ்டிக்கா, ரத்தமா ரப்பரா என்று பார்க்காமல் அங்கே எல்லாம் சாம்பலாகும்.

அடுத்த முறை கிளினிக்குக் கிளம்பும்போது போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஜாமு இருந்தால் அதையும். பழைய ஐ.சி. நகல், கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படம். மிஸ்ஸி தாளை நிரப்பும்போது மூன்றாவது பெட்டி காலியாக இருந்தால் கேளுங்கள்.